ரிவால்வர், உறை, அப்புறம் ஒரு டாக்டர் கையெழுத்து

1/
"டாக்டர், தினமும் இடுப்புல வச்சுக்கிற மாதிரி சின்னதா ஒரு பிஸ்டல் வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லது? உறை எது வாங்கலாம்?"

இந்த ரெண்டு வருஷத்துல இந்தக் கேள்வியை என்கிட்ட அஞ்சு பேர் கேட்டுட்டாங்க. ரெண்டு பேர் டாக்டருங்க. ஒருத்தர் மில் நடத்துறவர். ஒருத்தர் நகைக்கடை வச்சிருக்கவர். ஒருத்தர் எனக்கு மாமா முறை. தனித்தனியா பதில் சொல்லிச் சலிச்சுப்போச்சு. மொத்தமா எழுதிடறேன். நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/
துப்பாக்கிக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். இருக்கு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள்படி லைசென்ஸ் விண்ணப்பத்தோட எஸ்-3ன்னு ஒரு படிவம் வைக்கணும். விண்ணப்பிக்கிறவர் மனநலமும் உடல்நலமும் நல்லா இருக்கு, போதைக்கு அடிமை இல்லைன்னு எம்பிபிஎஸ் முடிச்ச, பதிவு பெற்ற டாக்டர் ஒருத்தர் கையெழுத்து போடணும்.

மனநல மருத்துவர்தான் வேணும்னு இல்லை. என்னை மாதிரி வெறும் எம்பிபிஎஸ் போதும்.

3/
எனக்கு சொந்த ஊர் சேத்தூர். ராஜபாளையத்துல இருந்து தென்காசி போற ரோட்டுல, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். வேலை பக்கத்துல ஒரு அரசு மருத்துவமனை. எங்க ஊர்க்காரங்களுக்குத் துப்பாக்கி புதுசு இல்லை. மாந்தோப்பு, தென்னந்தோப்புக்குக் காட்டுப்பன்னி வரும், யானை வரும். பயிர்க்காவலுக்குன்னு லைசென்ஸ் வாங்கின ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் துப்பாக்கி சில பழைய வீடுகள்ல பரண்ல கிடக்கும்.

ஆனா அது தோள்ல மாட்டுற நீளத் துப்பாக்கி. இப்ப கேக்குறது வேற. சட்டைக்குள்ள மறைச்சு, தினமும் கூடவே வச்சுக்கிற கைத்துப்பாக்கி.

4/
இந்த ஆசை எங்கிருந்து வருதுன்னா, பாதி யூடியூப். அமெரிக்காக்காரங்க வீடியோவுல க்ளாக் 19, க்ளாக் 43எக்ஸ், சிக் சாவர் பி365ன்னு வரிசையா அடுக்கிக் காட்டுவாங்க. உள்ளங்கை அளவு, பத்துப் பதினஞ்சு தோட்டா. பாக்க நல்லாத்தான் இருக்கும்.

முதல் ஏமாற்றம் இங்கதான். அதெல்லாம் 9 எம்எம். நம்ம நாட்டுல 9 எம்எம் தடைசெய்யப்பட்ட வகை. ராணுவமும் போலீஸும் பயன்படுத்துற தோட்டா அது. .38, .455 ரிவால்வர்களும் அப்படியே. சாதாரண குடிமகனுக்குக் கிடைக்காது. லைசென்ஸ் இல்லாம தடைசெய்யப்பட்ட ஆயுதம் வச்சிருந்தா, 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது 7 வருஷம் ஜெயில்.

5/
அப்ப மிச்சம் என்ன? கைத்துப்பாக்கின்னா பெரும்பாலும் .32. அதுவும் இந்தியாவுல செஞ்சது. வெளிநாட்டு பிஸ்டலைப் புதுசா இறக்குமதி பண்றது 1980கள்ல இருந்தே சாதாரண ஆளுக்கு மூடப்பட்ட கதவு. அதுக்கு முன்னாடி வந்த பழைய வால்தர் மாதிரி பிஸ்டல்கள் கை மாறி கை மாறி லட்சக்கணக்குல விலை போகுது. நாப்பது அம்பது வருஷத்துப் பழைய ஸ்பிரிங்கை நம்பி உயிரை ஒப்படைக்கணும். அவ்வளவுதான் அதோட பெருமை.

6/
இந்தியத் தயாரிப்புல பரவலா பேசப்படுறது இதெல்லாம்:

கான்பூர் .32 ரிவால்வர். ஆறு தோட்டா, சுமார் மூணு இன்ச் குழல்.

நிர்பீக். 2014 ஜனவரியில பெண்களுக்குன்னு சொல்லி வந்தது. டைட்டானியம் கலவை, அரைக் கிலோ எடை. அறிமுக விலையே ஒரு லட்சத்து 22 ஆயிரம் சொச்சம்.

பிரபல். 2023 ஆகஸ்ட்ல வந்தது. 50 மீட்டர் வரைக்கும் சுடும்னு விளம்பரம். சிலிண்டர் பக்கவாட்டுல திறக்கும்.

அஷானி. மேற்கு வங்கம் இச்சாப்பூர்ல செய்யுற .32 பிஸ்டல்.

தனியார்ல, உத்தரப் பிரதேசம் ஹர்தோயில தயாராகுற வெப்லி ஸ்காட் .32.

இந்த கான்பூர், இச்சாப்பூர் ஆலைகள் 2021 அக்டோபர் 1ல இருந்து ஒரே அரசு நிறுவனத்துக்குக் கீழ வந்துடுச்சு. நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் அதே குடும்பம்தான்.

7/
ரிவால்வரா பிஸ்டலா?

ரிவால்வர்ல உருளை சுத்தும். ஒரு தோட்டா வெடிக்கலைன்னா மறுபடி விசையை அழுத்தினா அடுத்தது வரும். புரிஞ்சுக்கறது சுலபம். விசை நீளமா, கனமா இருக்கும். பயிற்சி இல்லாதவங்க அழுத்தும்போது குழல் கீழ இழுத்துட்டுப் போகும், குறி தப்பும்.

பிஸ்டல் தட்டையா இருக்கும், மறைக்க வசதி. ஆனா மேகசினைக் கழட்டிட்டாலும் அறைக்குள்ள ஒரு தோட்டா உக்காந்திருக்கலாம். "மேகசினை எடுத்துட்டேன், காலின்னு நினைச்சேன்"ங்கறதுதான் உலகம் முழுக்க துப்பாக்கி விபத்து வாக்குமூலம்.

.32ன் சக்தி 9 எம்எம்ல பாதிக்கும் குறைவு. அதனால "சும்மா மிரட்டத்தான்"னு நினைக்காதீங்க. நெஞ்சுக்குள்ள போனா எந்தத் தோட்டாவும் பெரிய தோட்டாதான்.

8/
அடுத்து "கஸ்டமைஸ்". அமெரிக்க வீடியோவுல விசையை மாத்துவாங்க, மேல சிவப்புப் புள்ளி லென்ஸ் வைப்பாங்க, கீழ டார்ச் மாட்டுவாங்க. இங்க ஆயுதத்தைப் பழுது பார்க்கறதுக்கே அதுக்கான உரிமம் உள்ளவர்ட்டதான் போகணும். குழலை வெட்டிச் சின்னதாக்கணும்னா அதுக்குத் தனி உரிமம், ஆயுதச் சட்டம் 6ஆம் பிரிவு. தெரிஞ்ச லேத் பட்டறையில குடுத்து "கொஞ்சம் ராவிக் குடுங்கண்ணே"ன்னா ரெண்டு பேரும் உள்ள போகணும்.

நீங்க நிம்மதியா மாத்தக்கூடியது ரெண்டுதான். கைப்பிடி. உறை.

9/
கைப்பிடி விஷயம் லேசானது. உங்க உள்ளங்கைக்குப் பொருந்தணும். நடுவிரல்ல இருந்து சுண்டுவிரல் வரை மூணும் முழுசா சுத்திப் பிடிக்கணும். சுட்டுவிரல் விசைக்கு எட்டணும், ஆனா தானா போய் விசைமேல உக்காரக்கூடாது. சொரசொரப்பு வேணும். வேர்த்த கையில பளபளன்னு பாலிஷ் போட்ட தேக்கு வழுக்கும். நம்ம ஊர் வெயில்ல கை வேர்க்காம யாரும் பயப்பட மாட்டாங்க.

10/
உறைதான் நிஜமான விஷயம். துப்பாக்கியை விட இதுக்குத்தான் அதிகம் யோசிக்கணும். நாலு விதி:

ஒண்ணு, விசையும் அதைச் சுத்தி இருக்கிற வளையமும் முழுசா மூடியிருக்கணும். விரல் இல்லை, சாவிக்கொத்து கூட உள்ள நுழையக்கூடாது.

ரெண்டு, கெட்டியா இருக்கணும். துப்பாக்கியை வெளிய எடுத்த பிறகும் உறையோட வாய் அமுங்கிப் போகக்கூடாது. நஞ்சு பழசான தோல் உறையோட விளிம்பு உள்பக்கம் மடங்கி, துப்பாக்கியைத் திரும்பச் சொருகும்போது விசையை அழுத்தி வெடிச்ச சம்பவங்கள் உண்டு.

மூணு, குனிஞ்சாலும் ஓடினாலும் விழக்கூடாது. அடுத்தவன் பின்னாடி இருந்து இழுத்தாலும் வரக்கூடாது.

நாலு, பெல்ட். லொடலொட பெல்ட்ல எந்த உறையும் நிக்காது.

11/
இப்ப டாக்டரா ஒரு வார்த்தை. முன்பக்கம், தொப்புளுக்குக் கீழ பேன்ட்டுக்குள்ள சொருகுறது இப்ப ஃபேஷன். உக்காந்தா குழல் எங்கே பாக்குதுன்னு யோசிங்க. சிறுநீர்ப்பை, பிறப்புறுப்பு, தொடையோட பெரிய ரத்தக்குழாய். அந்தத் தொடைத் தமனி கிழிஞ்சா சில நிமிஷம்தான். எங்க ஊர்ல இருந்து பெரிய அறுவை சிகிச்சை வசதி இருக்கிற மதுரைக்கு எவ்வளவு நேரம்னு 108ல போனவங்களைக் கேளுங்க.

இடுப்போட பின்பக்கம் நடுவுல வச்சா? வழுக்கி மல்லாக்க விழுந்தா முதுகெலும்புல இடிக்கும். வலது இடுப்புப் பக்கவாட்டுதான் இருக்கறதுல பரவாயில்லை.

12/
பெண்களுக்கு? சேலைக்கும் சுடிதாருக்கும் பெல்ட் கிடையாது. அதனால கைப்பை. அங்கதான் எனக்கு வயித்தைக் கலக்குது.

2014 டிசம்பர் 30. அமெரிக்கா, ஐடஹோ மாநிலம். ஒரு அம்மா, அணு ஆராய்ச்சி விஞ்ஞானி, லைசென்ஸ் உள்ளவங்க, ரெண்டு வயசுப் பையனோட கடைக்குப் போறாங்க. துப்பாக்கிக்குன்னே தனி ஜிப் வச்ச கைப்பை. பையன் ட்ராலியில உக்காந்து ஜிப்பைத் திறந்தான். அம்மா அங்கயே இறந்துட்டாங்க.

படிப்பு, லைசென்ஸ், பயிற்சி, தனி அறை வச்ச பை, எல்லாம் இருந்துச்சு. குழந்தைக் கைக்கு எட்டுற தூரமும் இருந்துச்சு.

13/
சட்டம் உறையைப் பத்தி என்ன சொல்லுது? 2016 விதிகள்படி பொது இடத்துல கைத்துப்பாக்கி உறைக்குள்ளயோ பைக்குள்ளயோதான் இருக்கணும். முழுசா மறைஞ்சிருக்கணும். உங்க கட்டுப்பாட்டுல இருக்கணும். எடுத்து ஆட்டிக் காட்டக்கூடாது. கல்யாணம், திருவிழாவுல வானத்தைப் பாத்துச் சுட்டு அடுத்தவங்க உயிருக்கு ஆபத்து உண்டாக்கினா 2 வருஷம் வரை ஜெயில், அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும்.

"சட்டையைத் தூக்கி லேசா காட்டினா போதும், பயந்துருவான்"னு நினைச்சு வாங்குறவங்க இந்த இடத்துலயே நின்னுக்கலாம். அதைத்தான் சட்டம் கூடாதுங்குது.

14/
வழிமுறை சுருக்கமா: வயசு 21 முடிஞ்சிருக்கணும். படிவம் ஏ-1. நம்ம மாவட்டத்துல முடிவெடுக்கிறது கலெக்டர். போலீஸ் விசாரணை இருக்கும். உங்களுக்கு என்ன ஆபத்து, ஏன் வேணும்னு சொல்லணும். பயிற்சிச் சான்று, பாதுகாப்பா பூட்டி வைப்பேன்னு உறுதிமொழி, அப்புறம் அந்த எஸ்-3. கிடைச்சா 5 வருஷம் செல்லும். ஒருத்தர் அதிகபட்சம் ரெண்டு துப்பாக்கி. எத்தனை தோட்டா வாங்கலாம்னு லைசென்ஸ்லயே எழுதியிருக்கும். தேர்தல் அறிவிச்சா ஸ்டேஷன்லயோ ஆயுதக் கடையிலயோ ஒப்படைச்சுட்டு ரசீது வாங்கணும்.

15/
இனி டாக்டருங்க கேட்ட கேள்விக்கு வர்றேன்.

2024 நவம்பர் 13. கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை. புற்றுநோய் மருத்துவரை நோயாளியோட மகன் ஓபி அறைக்குள்ளயே கத்தியால குத்தினார். டாக்டர் பிழைச்சுக்கிட்டார். அன்னைக்கு ராத்திரி எங்க பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல யாரும் தூங்கல. அதுக்கு மூணு மாசம் முன்னாடிதான் கொல்கத்தா ஆர்.ஜி.கர். 2012 ஜனவரியில தூத்துக்குடியில ஒரு பெண் டாக்டரை அவங்க கிளினிக்லயே கொன்னதை நாங்க யாரும் மறக்கல. "பேசாம எல்லாரும் லைசென்ஸ் போடுவோம்"னு ஒரு தோழி எழுதினா. விளையாட்டா இல்லை.

16/
நானும் விளையாட்டா எடுத்துக்கல. நைட் டூட்டில ஒரே டாக்டர், ஒரே நர்ஸ், வெளிய போதையில பத்துப் பேர் நிக்கும்போது வர்ற பயம் எனக்குத் தெரியும். அதனால உக்காந்து படிச்சேன். மேல எழுதினது எல்லாம் அப்படித் தெரிஞ்சுக்கிட்டதுதான்.

படிச்சதுல ஒரு கணக்கு. 1983ல டென்னிஸ் டூலர்ங்கற அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் அளந்து எழுதினார். கத்தியோட ஓடி வர்ற ஆள் 21 அடி தூரத்தை ஒண்ணரை நொடியில கடந்துடுவான். பயிற்சி உள்ள போலீஸ்காரர் உறையில இருந்து எடுத்துச் சுடவும் கிட்டத்தட்ட அதே நேரம்தான்.

17/
எங்க ஓபியில எனக்கும் நோயாளிக்கும் நடுவுல எவ்வளவு தூரம்? ஒரு மேஜை. மூணு அடி. என் கையில ஸ்டெத். நான் குனிஞ்சு சீட்டு எழுதிட்டு இருப்பேன். கத்தியை எடுக்கிறவன் வருத்தத்தோட பேசிட்டு இருந்த ஆளாத்தான் இருப்பான். கிண்டியிலயும் அப்படித்தான், அறைக்குள்ள வந்து பேசின ஆள்.

இந்த இடத்துல இடுப்புல இருக்கிற ரிவால்வர் என்னைக் காப்பாத்தாது. கைகலப்புல அது யார் கைக்குப் போகும்னும் சொல்ல முடியாது. சுத்தி பத்து நோயாளி, ஆக்சிஜன் சிலிண்டர், தொட்டில்ல குழந்தை. தற்காப்பு உரிமையை பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரை தருது, சரி. தேவைக்கு மீறின தீங்கு கூடாதுன்னும் அதுவேதான் சொல்லுது. அந்த அளவை நொடியில யார் அளப்பா?

18/
இன்னொண்ணு. ஆஸ்பத்திரின்னா எம்ஆர்ஐ இருக்கும். 2023 ஜனவரியில பிரேசில் சாவோ பாலோவுல ஒரு வக்கீல் அம்மாவுக்குத் துணையா ஸ்கேன் அறைக்குப் போனார். இடுப்புல துப்பாக்கி இருந்ததைச் சொல்லல. காந்தம் இழுத்துச்சு, வெடிச்சுச்சு, வயித்துல காயம். மூணு வாரத்துல இறந்துட்டார்.

எங்களுக்கு வேணும்னு நான் சொல்றது வேற: கதவு பக்கம் டாக்டர் நாற்காலி, பின்னாடி இன்னொரு வழி, உள்ள ஒரு நோயாளிக்கு ஒரு துணை, ராத்திரி நிஜமாவே விழிச்சிருக்கிற காவலர், 2008ஆம் வருஷத் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டத்துல உடனே வழக்கு. பத்து வருஷமா கேட்டுட்டு இருக்கோம். ரிவால்வரை விட மலிவு.

19/
இப்ப மாமா கதை. அவர் சம்மதத்தோடதான் எழுதறேன். அடையாளம் தெரியாம சில விவரத்தை மாத்தியிருக்கேன்.

58 வயசு. மலை அடிவாரத்துல மாந்தோப்பு. வரப்புத் தகராறு ஒண்ணு கோர்ட்ல இருக்கு. காய் வித்த காசோட ராத்திரி பைக்ல தனியா வருவார். ரெண்டு தடவை யாரோ வழிமறிச்சு மிரட்டியிருக்காங்க. ஆபத்து கற்பனை இல்லை. போலீஸ்ல புகாரும் குடுத்திருக்கார். விண்ணப்பிக்க அவருக்குக் காரணம் இருந்துச்சு.

20/
ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தார். போன்ல பிரபல் படம் காட்டினார். "50 மீட்டர் தாயி!" என்றார் சின்னப் பையன் மாதிரி. "50 மீட்டர்ல இருக்கிறவன் உங்களை என்ன மாமா பண்ணப் போறான்?"னு கேட்டேன். சிரிச்சார். கைப்பிடிக்கு ஈட்டி மரம், அதுல அத்தையோட முதல் எழுத்து. உறை ராஜபாளையத்துல தெரிஞ்ச செருப்புக்கடைக்காரர்ட்ட தோல்ல தைக்கச் சொல்லியாச்சு. நான் பத்தாவது பாயிண்ட்ல சொன்னதெல்லாம் அவருக்குத்தான் முதல்ல சொன்னேன். கவனமா கேட்டுக்கிட்டார்.

அப்புறம் சட்டைப் பையில இருந்து மடிச்ச எஸ்-3ஐ எடுத்தார். "இதுல ஒரு கையெழுத்து."

21/
நான் பேனாவை எடுக்கல. "மாமா, எல்லார்ட்டயும் கேக்குறதைத்தான் உங்ககிட்டயும் கேப்பேன்"னேன்.

தூக்கம்? "ரெண்டு மணிக்கு முழிச்சிருவேன். அப்புறம் வராது."

சாப்பாடு? "ஆக்கித் தர ஆள் இல்லையே."

குடி? "முன்ன எப்பவாச்சும். இப்ப தெனம் ஒரு குவார்ட்டர். தூங்கத்தான்."

அத்தை போய் ஒரு வருஷம் ஆகல. எங்களுக்கு எல்லாம் தெரியும். மாமா திடமான ஆளு, தாங்கிக்கிட்டார்னு குடும்பமே பேசிக்கிட்டோம்.

அடுத்த கேள்வியைக் கேட்டேன். "செத்துடலாம்னு எப்பவாச்சும் தோணுதா மாமா?"

22/
அவர் உடனே பதில் சொல்லல. வாசல்ல கோழி மேஞ்சுட்டு இருந்ததையே பாத்துட்டு இருந்தார்.

"அவ போனதுக்கப்புறம் எதுக்கு இருக்கணும்னு தோணத்தான் செய்யும் தாயி. அதுக்கும் இதுக்கும் என்ன இருக்கு?"

அதுக்கும் இதுக்கும்தான் எல்லாம் இருக்கு மாமான்னு சொன்னேன். இன்னைக்கு என்னால கையெழுத்து போட முடியாதுன்னும் சொன்னேன்.

23/
கோபம் வந்துச்சு. "உன்னைத் தூக்கி வளத்த கை இது. என்னைப் பைத்தியம்ங்கறியா? இம்புட்டு கேள்வி எவன் கேக்குறான்? வேற டாக்டர்ட்ட அம்பது ரூவாயில வேலை முடியும்"னார். படிவத்தை மடிச்சு எடுத்துக்கிட்டு எழுந்து போனார். வாசல் வரைக்கும் போய் அம்மாட்ட, "உம் மக பெரிய டாக்டராயிட்டா"ன்னு சொல்லிட்டுப் போனார்.

அவர் சொன்னது உண்மை. வேற டாக்டர்ட்ட அது அஞ்சு நிமிஷ வேலைதான். அதுதான் இந்தப் படிவத்தோட பலவீனம். கேள்வி கேட்டாதான் அது மருத்துவச் சான்று. கேக்கலைன்னா அது பேப்பர்.

24/
ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஒரு டாக்டரா எனக்குத் தெரிஞ்ச ஒரே ஒரு விஷயத்தால.

தற்கொலை எண்ணம் பெரும்பாலும் அலை மாதிரி. உச்சத்துக்கு வரும், இறங்கும். அந்த உச்ச நேரத்துல கைக்கு எட்டுறது எதுங்கறதுதான் பிழைக்கிறதையும் சாவையும் தீர்மானிக்குது. இலங்கையில கொடிய விஷப் பூச்சிமருந்துகளை ஒவ்வொண்ணா தடை செஞ்சாங்க. 1990களின் நடுவுல உச்சத்துல இருந்த தற்கொலை விகிதம் அடுத்த இருபது வருஷத்துல பெரிய அளவுக்குக் குறைஞ்சுச்சு. கஷ்டம் தீர்ந்து போச்சா? இல்லை. கைக்கு எட்டுற விஷம் மாறுச்சு.

மாத்திரை முழுங்கினவங்களை நாங்க நிறைய காப்பாத்தியிருக்கோம். துப்பாக்கி ரெண்டாவது வாய்ப்பு தர்றது ரொம்ப அபூர்வம்.

25/
2020ல வெளியான கலிபோர்னியா ஆய்வு ஒண்ணு. ரெண்டரை கோடிப் பேருக்கு மேல கணக்குல எடுத்தாங்க. கைத்துப்பாக்கி வச்சிருக்கிற ஆண்கள் துப்பாக்கியால தற்கொலை செஞ்சுக்கிற வாய்ப்பு, இல்லாத ஆண்களை விடக் கிட்டத்தட்ட 8 மடங்கு. பெண்கள்ல 35 மடங்கு. அமெரிக்காவுல துப்பாக்கியால நடக்கிற சாவுல பாதிக்கு மேல கொலை இல்லை, தற்கொலை.

திருடனுக்குன்னு வாங்கிப் பீரோவுல வச்சது. ஆனா அந்த வீட்டுல தினமும் இருக்கிறது திருடன் இல்லையே. நாமதான் இருக்கோம்.

26/
மாமாவை அப்படியே விட்டுடல. மறுநாள் போன் பண்ணி, அவர் அனுமதி கேட்டுத்தான், கோயம்புத்தூர்ல இருக்கிற மகன்ட்ட பேசினேன். மகன் அந்த வாரமே வந்தார். மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனார். மனச்சோர்வு, அதுமேல குடி. மாத்திரை ஆரம்பிச்சாங்க. குடியை மருத்துவர் மேற்பார்வையில படிப்படியா நிறுத்தினாங்க. திடீர்னு நிறுத்தினா ஜன்னி வரும், அதனால யாரும் வீட்ல தானா முயற்சி பண்ணாதீங்க.

ராத்திரி காசோட வர்றதை நிறுத்தியாச்சு. வியாபாரி இப்ப பேங்க்ல போடுறார். தோப்புல ரெண்டு கேமரா, ஒரு நாய். வரப்பு கேஸ் கோர்ட்ல அப்படியேதான் இருக்கு.

27/
என்கூட அஞ்சு மாசம் பேசல. பொங்கலுக்கு வரல. பரவாயில்லைன்னு சொல்ல மாட்டேன். கஷ்டமாத்தான் இருந்துச்சு.

போன மாசம் ஒரு மாம்பழக் கூடையோட வந்தார். "இப்ப தூங்குறேன் தாயி"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "இப்ப கேட்டா போடுவியா?"ன்னார்.

உண்மையைச் சொன்னேன். நான் போடக்கூடாது மாமா, சொந்தக்காரி. உங்களைப் பாக்குற மனநல டாக்டர் ஒரு வருஷம் பாத்துட்டு நல்லா இருக்கீங்கன்னு எழுதினா, அதை எடுத்துட்டுப் போய் வேற டாக்டர்ட்ட கேளுங்க. மறைக்காம எல்லாத்தையும் சொல்லுங்க. உங்களுக்கு நிஜமாவே ஆபத்து இருக்கு, கேக்க உங்களுக்கு உரிமையும் இருக்கு.

"சரி, பாப்போம்"னார். வாங்குவாரா மாட்டாரான்னு எனக்குத் தெரியாது.

28/
சக எம்பிபிஎஸ் டாக்டர்களுக்கு: எஸ்-3 வந்தா தயவுசெஞ்சு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. தனியா பேசுங்க, கூட வந்தவரை வெளிய நிறுத்துங்க. தூக்கம், குடி, சமீபத்துல யாரையாவது இழந்தாங்களா, பழைய மனநல சிகிச்சை, சாவைப் பத்தின எண்ணம், வீட்டுல யாருக்காவது மனநலப் பிரச்சனை, வீட்டுல சின்னக் குழந்தை, மனைவியை அடிக்கிற பழக்கம், இதெல்லாம் கேளுங்க. கண்பார்வை, கை நடுக்கம், வலிப்பு பாருங்க. சந்தேகம்னா மனநல மருத்துவர்ட்ட அனுப்புங்க. கேட்டதை எழுதி வைங்க. தற்கொலையைப் பத்திக் கேட்டா அந்த எண்ணம் வந்துடும்ங்கறது தப்பு. கேட்டா பாரம் குறையும்.

29/
வாங்கணும்னே முடிவு பண்ணவங்களுக்கு: சட்டப்படி வாங்குங்க. அலங்காரத்துக்குச் செலவழிக்கிற காசைப் பயிற்சிக்கும் கெட்டியான உறைக்கும் இரும்புப் பெட்டிக்கும் செலவழிங்க. துப்பாக்கி ஒரு பூட்டுல, தோட்டா வேற பூட்டுல. வீட்டுல யாருக்காவது மனசு சரியில்லைன்னா வெக்கப்படாம லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில ஒப்படைச்சு வைங்க. அப்புறம் அந்த எஸ்-3ல டாக்டர் கேள்வி கேட்டா கோச்சுக்காதீங்க. உங்க உறையை விட அந்தப் பத்து நிமிஷம் உங்களைக் காப்பாத்தும்.

30/
மாமா மாதிரி ரெண்டு மணிக்கு முழிச்சுப் படுத்துக் கிடக்கிறவங்க இதைப் படிச்சுட்டு இருந்தா: டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசு 104. எந்த நேரமும், இலவசம், தமிழ்லயே பேசலாம்.

கேள்வி இருந்தா கேளுங்க. டூட்டி முடிஞ்சு பதில் சொல்றேன். "எந்த மாடல் டாக்டர்?"னு மட்டும் இனி கேக்காதீங்க.